கயிறும் ஓய்வில இருக்கு, சேர்!

உலகத்தில் பாரம் தூக்கச் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாரத்தை இறக்கச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே கடவுள் படைத்தது ஒரே ஒருவரைத்தான். படைத்த கையோடு அவரை மட்டக்களப்புக்கு அனுப்பி, எங்கள் அரசாங்கக் கந்தோரில் விளையாட்டு உத்தியோகத்தராகவும் போட்டுவிட்டார். இருந்த, இருக்கிற, இனிப் பிறக்கப்போகிற பயிற்சியாளர்கள் எல்லாரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறுதட்டில் மெள்ள மிஸ்ஸை ஏற்றினால், மிஸ் இருக்கிற தட்டுத்தான் கீழே இறங்கும். அதுவும் முழங்கால் மடித்து, முதுகு நேராக, மெதுவாகத்தான் இறங்கும்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. கந்தோருக்கு வந்த முதல் நாளே அது காலாவதியாகிவிட்டது. காரணம் நான்.

அன்று நாவற்குடாவிலிருந்து பஸ்ஸில் நெரிபட்டு, கல்லடிப் பாலம் தாண்டி, மூச்சு வாங்க வந்து சேர்ந்து, என் முழுப் பாரத்தையும் கதிரையில் தொப்பென்று போட்டேன்.

"மெள்ள்ள்ள!"

கந்தோரே நின்றுவிட்டது. அலுவலுக்காக வந்து வரிசையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. வாசலில் ஒரு சின்ன உருவம். ஐம்பது வயதிருக்கும். இழுத்துக் கட்டிய கொண்டை, கழுத்தில் விசில், தோளில் ஒரு துவாய். அந்தச் சத்தம் இந்த உடம்புக்குள்ளிருந்துதான் வந்தது என்று நம்ப எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்ன புள்ள, கதிரையில விழுறீங்க? இறங்கத் தெரியாதா? எழும்புங்க."

எழும்பினேன்.

"இப்ப இருங்க. மெள்ள. பின்பக்கத்தப் பின்னால தள்ளி, முதுக நேர வெச்சி... ஆ, பாதி வழியில நில்லுங்க."

நின்றேன். கதிரைக்கும் எனக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி. தொடை இரண்டும் ஆடத் தொடங்கின.

"நடுங்குதா?"

"ஓம் மிஸ்."

"நல்லம். இப்ப நீங்க வேலை செய்யுறீங்க. தொப்பெண்டு விழக்குள்ள கதிரைதான் வேலை செய்யுது. அரசாங்கம் சம்பளம் தாறது உங்களுக்கா, கதிரைக்கா?"

பிறப்புச் சான்றிதழ் எடுக்க வந்த ஒரு ஐயா வாங்குப் பலகையிலிருந்து எழும்பி, தானும் ஒருதரம் மெள்ள இருந்து பார்த்தார். தொடையைத் தொட்டுப் பார்த்தார். திரும்பவும் எழும்பினார். அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவும் எழும்பினார். பத்து மணிக்கெல்லாம் அந்த நீள வாங்கில் இருந்த சனம் முழுவதும் அலைபோல எழும்புவதும் இருப்பதுமாக இருந்தது. மத்தியானத்துக்குள் அவர் மெள்ள மிஸ் ஆகிவிட்டார்.

ஒருகாலத்தில் மாகாணத்துக்காக ஈட்டி எறிந்தவர். பிறகு கொழும்பில் விளையாட்டு விஞ்ஞானம் படித்தவர். படித்ததை யாருக்கும் சொல்லாமல் ஒரு நிமிடம் இருக்க அவரால் முடியாது. கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டால் இரண்டு தரம் சொல்வார்.

"ஒரு மூட்டையத் தூக்க ஏலாதவனும் அதே மூட்டைய மெள்ள இறக்குவான். தசைக்கு இறக்கக்குள்ளதான் பலம் கூட. ஆனா நம்மட சனம் என்ன செய்யுது? தூக்கி முடிஞ்ச உடன வேலை முடிஞ்சிதெண்டு கைய விட்டுடுது. பாதிப் பயிற்சி காத்தோட போகுது!"

அந்தப் பாதியைக் காற்றிடமிருந்து மீட்பதுதான் அவருடைய வாழ்க்கை. கல்லடிக் கடற்கரையில் மீன் பெட்டி இறக்குகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று "மெள்ள, மெள்ள" என்பார். அவர்கள் மீன் நசியக்கூடாது என்று அக்கறைப்படுகிறார் என நினைத்து, நல்ல பாரை மீனாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்கள்.

எங்கள் கணக்குப் பகுதியில் பரீனா என்றொரு பிள்ளை. வாய் ஓயாத, சிரிப்பு ஓயாத பிள்ளை. அவளுடைய தங்கச்சியின் கலியாணத்துக்குக் காத்தான்குடிக்குப் போயிருந்தோம். ஒன்றைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுகிற, சகன் என்று சொல்லும் பெரிய சோற்றுத் தட்டுகளை ஆண்கள் பக்கத்துக்குப் பொடியன்கள் தூக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் பெண்கள் பக்கத்தில் திரைக்கு இந்தப் புறம். திரை காற்றில் விலகிய ஒரு நொடியில், ஒருவன் முதுகை வளைத்துச் சகனை வைப்பதை மிஸ் கண்டுவிட்டார்.

"முழங்கால மடிங்க தம்பி! முதுக மடிக்காதீங்க! மெள்ள!"

திரைக்குப் பின்னாலிருந்து வந்த பெண் குரல். யாருடைய குரல் என்று அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. தன் உம்மாவாக இருந்துவிட்டால் என்ற பயத்தில் உடனே முழங்காலை மடித்தான். பின்னால் வந்தவனும் மடித்தான். அதன்பிறகு அந்தக் கலியாண வீட்டில் எல்லாச் சகனும் பூப்போல வந்து இறங்கின. "ஆர்ட வீட்டுப் பொடியனுகள் இவனுகள்? எவ்வளவு மரியாதையா வைக்கானுகள்!" என்று பெரியவர்கள் வியந்ததைப் பரீனாவின் வாப்பா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

களுதாவளைப் பிள்ளையாரிடம் கூட்டிப்போனது எங்கள் பிழை. பிள்ளையார் சந்நிதியில் சனம் தோப்புக்கரணம் போடும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. மிஸ் கும்பிட்ட கையை எடுக்காமலே பக்கத்து மனிதரைப் பார்த்தார்.

"இன்னும் கீழ போங்க. குதிக்கால் நிலத்தில இருக்கட்டும். எழும்பக்குள்ள மூச்ச விடுங்க."

"அம்மா, இது கோயில்" என்றார் ஐயர்.

"அதுதான் சொல்லுறன் ஐயா. கடவுளுக்கு முன்னால அரைகுறையாச் செய்யலாமா?"

நாங்கள் பிரசாதம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, ஐயர் மண்டபத்துத் தூணோரமாக மிஸ்ஸை மறித்து, ஏதோ மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கை தன் வலது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் கயிறு.

ஒவ்வொரு வருஷமும் கந்தோர்களுக்கிடையே விளையாட்டுப் போட்டி நடக்கும். வாவிக்கரையோரம் ஒரு மைதானம். அதில் பெண்கள் கயிறிழுத்தல் என்றால் எங்கள் கந்தோரை நினைத்து மற்றவர்கள் முதல்நாளே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரு வருஷம் நடுவர் விசில் ஊதுவதற்கு முன்னமே தோற்றோம். கயிற்றின் சிக்கலை நேராக்க எதிரணி கொஞ்சம் இழுத்தது. நாங்கள் கோட்டைத் தாண்டி அவர்களோடு போய் நின்றோம். எங்களை அப்படி வாரிக் கொண்டுபோவது பெரும்பாலும் வாவிக்கு அங்கால, படுவான்கரைக் கந்தோர்ப் பெண்கள். வயல் வட்டையில் வேளாண்மை வேலை பார்த்து வளர்ந்த உடம்புகள். பகலெல்லாம் கதிரையில் இருக்கும் எங்களுக்கும் அவர்களுக்கும் என்ன போட்டி?

அந்த வருஷம் எங்கள் மேலதிகாரி கூட்டம் வைத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் தோல்வி பார்த்துப் பார்த்து மனம் கசந்திருந்தார்.

"இந்த முறையும் மானம் போனா, அடுத்த வருஷத்தில இருந்து பெண்கள் கயிறு இல்ல. எல்லாரும் கரண்டியில தேசிக்காய் வெச்சிக்கொண்டு ஓடுங்க."

நாங்கள் சிரித்துவிட்டோம். ஆவணப் பகுதியைப் பார்க்கும் சாந்தியக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் அவருக்கு ஓய்வு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு வருஷமும் கயிறு பிடித்தவர். ஒரு இழுப்புக்கூட வென்றதில்லை. தேநீர் குடிக்கும்போது, இளையவளான என்னையும் எங்கள் ஊர் வழக்கப்படி 'கா' போட்டுச் சொன்னார்.

"வெற்றிக் கோப்பை வேணாம் கா. பேப்பர்ல படம் வேணாம். ஒரே ஒருக்கா அந்த விசில் நமக்காக ஊதிக் கேக்கணும். கேட்டிட்டு வீட்ட போறன்."

மிஸ் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. நேரே மேலதிகாரியின் அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது.

"சேர், மூண்டு மாசம் தாங்க. குறுக்க வராதீங்க."

அடுத்த நாள் பின்னேரமே கயிறு அணியில் இருந்த எங்கள் எட்டுப் பேரையும் பின் வளவில் நிறுத்தினார். கயிறு வரும் என்று பார்த்தோம். வந்தது தயிர் முட்டிகள். சாப்பிட்டுக் கழுவிய மண் முட்டிகளுக்குள் மணல் நிரப்பி வைத்திருந்தார். ஆளுக்கு இரண்டு. பிடித்துக்கொண்டு இரு, எழும்பு.

"கயிறு எங்க மிஸ்?" என்றாள் பரீனா.

"கயிற்றக் கையால இழுக்கிறதெண்டு ஆர் சொன்ன? கை வெறும் கொழுக்கி. இழுக்கிறது கால், இடுப்பு, முதுகு. முதல்ல அதுகளச் செய்வம். கொழுக்கி பிறகு."

முட்டி இலேசாகிப்போனதும் பாரம் கூட்டவேண்டி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, உடம்புக்கு எரிச்சல் வராத மாதிரிக் கூட்டவேண்டும் என்பது மிஸ்ஸின் வேதம். அதற்கு ஏற்ற பாரத்தை அவர் சாந்தியக்காவின் ஆவண அறையில் கண்டுபிடித்தார். பழைய கோப்புக் கட்டுகள். எத்தனையோ பேர் மனுப்போட்டும், கண்ணீர் விட்டும், ஆளைப் பிடித்தும் அசையாத கோப்புகள். அந்த மாதம்தான் முதன்முதலாக அசைந்தன. மேலே, கீழே. மேலே, கீழே. தன் காணி விஷயமாக அலைந்து களைத்த ஒரு மனிதர் ஒருநாள் பின் வளவுக்கு வந்துவிட்டார். கட்டின் மேலிருந்த இலக்கத்தைப் படித்தார்.

"தங்கச்சி, அது எண்ட கோப்பு. இப்பதான் நகரத் தொடங்கியிருக்கு. விட்டிராதீங்க!"

முதல் கிழமையில் நாங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. செய்த அன்று ஒன்றுமில்லை. மறுநாள் லேசாக நொந்தது. அதற்கு அடுத்தநாள் கந்தோர் எலும்பு வைத்தியசாலை போல இருந்தது. படி ஏறும்போது நோகவில்லை. இறங்கும்போதுதான் உயிர் போனது. சாந்தியக்கா தோணியிலிருந்து இறங்குவதுபோல் பின்பக்கமாகப் படி இறங்கினார்.

"மிஸ், எண்ட மாப்பிள்ள கேக்காரு, கந்தோர்ல அடிக்காங்களா எண்டு" என்றாள் பரீனா.

"செல்லமான நோவு மனே இது. புதுசா இறக்கின தசை புறுபுறுக்குது. ரெண்டாந்தரம் இதே வேலைக்கு இவ்வளவு புறுபுறுக்காது. புதுசா வந்த கிளாக்கு மாதிரி." பிறகு முகம் மாறியது. "ஆனா மூட்டில ஊசி குத்தின மாதிரி இருந்தா உடன சொல்லணும். அதுல வீரம் காட்டப்படாது. அது வேற நோவு."

அவர் சொன்னபடியே அடுத்த கிழமை புறுபுறுப்புக் குறைந்தது. பிறகொரு நாள் எனக்கு அதிசயம் ஒன்று நடந்தது. வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போன அரிசி மூட்டையை நானே தூக்கிக் குசினிக்குள் வைத்துவிட்டேன். கண்ணாடிக்கு முன்னால் ஓடிப்போய்க் கையை மடித்துப் பார்த்தேன். ஒன்றும் வளர்ந்திருக்கவில்லை. அதே பழைய கை. மிஸ்ஸிடம் முறைப்பாடு செய்தேன்.

"மாலா, தலைமைக் கந்தோர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினா என்ன நடக்கும்?"

"பாதிப் பகுதிக்கு வந்து சேராது மிஸ்."

"மிச்சப் பாதி?"

"பிந்தி வரும். வந்தாலும் ஆரும் வாசிக்க மாட்டாங்க."

"அதுதான். உங்கட மூளை தலைமைக் கந்தோர். தசையெல்லாம் கிளை. இவ்வளவு நாளும் 'இழு' எண்டு மூளை சொன்னா, கால்வாசித் தசைக்கும் தகவல் போகல்ல. இப்ப கொஞ்சங் கொஞ்சமா எல்லாருக்கும் ஒரே நேரத்தில போகுது. தசை வளருறது பிறகு. முதல்ல வளருறது தபால் சேவை."

எங்கள் எட்டுப் பேருக்கும் அதைவிடத் தெளிவாக விஞ்ஞானம் விளங்கியதில்லை.

பயிற்சியில்கூட அவ்வளவு கண்டிப்பில்லை, ஓய்வில்தான் மிஸ் ராட்சசி. ஒருநாள் செய்தால் அடுத்தநாள் செய்யக்கூடாது. நன்றாகச் சாப்பிடவேண்டும். நன்றாகத் தூங்கவேண்டும். சொன்னதோடு விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கதவைத் திறந்தது என் கணவர்.

"மாலா தூங்குறாவா?"

"இல்ல மிஸ். உடுப்புத் துவைக்கிறா."

"தம்பி, அவட தசை வளருற நேரம் இது. குழப்பாதீங்க. நீங்க துவைங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் விஞ்ஞானத்துக்குக் கட்டுப்பட்டவள்போல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். கிணற்றடியில் தொட்டியில் உடுப்பு அடிபடும் சத்தம் கேட்டபடி வந்த தூக்கம்போல் ஒரு தூக்கம் என் கலியாண வாழ்க்கையில் வந்ததில்லை. செய்தி நாவற்குடா முழுக்கப் பரவியது. எங்கள் ஒழுங்கையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் கயிறிழுக்க விருப்பம் தெரிவித்தார்கள். ஒருவர்கூடக் கந்தோரில் வேலை செய்கிறவர் இல்லை.

கடைசியில் கயிறு வந்தது. அதன் மறுமுனையில் ஆள் இல்லை. பின் வளவில் நின்ற வாகை மரத்தில் கட்டிவிட்டார். உடம்பைப் பின்னால் சாய்த்து, குதியை ஊன்றி, மூச்சு விட்டு, மூச்சு எடுத்து, அப்படியே நிற்கவேண்டும். நான் கடைசி ஆள். கயிறு என் உடம்பைச் சுற்றி வரும். "மாலா, நீங்க நங்கூரம்" என்றார் மிஸ். என் பருமனுக்கு யாரும் அவ்வளவு அழகான பெயர் வைத்ததில்லை.

மேலதிகாரி யன்னலால் பார்த்துப் பார்த்துப் பொறுக்கமுடியாமல் இறங்கி வந்தார்.

"மிஸ், இவ்வளவு நேரமா இழுக்கிறாங்க. மரம் அசையல்லையே?"

"அசைஞ்சா ஓடுங்க சேர். மரம் விழப்போகுதெண்டு அர்த்தம்." பிறகு பொறுமையாகச் சொன்னார். "போட்டியில முக்காவாசி நேரம் கயிறு அசையாது. ரெண்டு பக்கமும் பிடிச்சிக் கொண்டுதான் நிப்பாங்க. ஆருக்கு முதல் சலிக்குதோ அவங்க போவாங்க. இவங்க நிக்கப் படிக்கிறாங்க."

போட்டிக்கு முந்திய கிழமை பெரிய யுத்தம் மூண்டது. அந்தக் கிழமையில் பயிற்சியைப் பாதிக்குமேல் குறைத்துவிடவேண்டும் என்றார் மிஸ். மேலதிகாரிக்குத் தலை சுற்றியது. தினமும் பின்னேரம் எங்கள் கந்தோர் ஆண்கள் அணியோடு இழுக்கவேண்டும் என்று அவர் கட்டளை போட்டார்.

"சோதனைக்கு முதல்நாள் புத்தகத்த மூடுற பிள்ளை உருப்படுமா மிஸ்?"

"சேர், பலம் உள்ளுக்குள்ள வந்திட்டு. களைப்பு மூடி மாதிரி மேல கிடக்கு. இப்ப மூடியத் திறக்கணும். நீங்க இன்னும் விறகு வைக்கச் சொல்லுறீங்க."

"கட்டளை கட்டளைதான்."

மிஸ் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பின்னேரம் ஆண்கள் சப்பாத்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். கயிறு இல்லை. களஞ்சியத்தில் இல்லை, வளவில் இல்லை, மரத்தில் இல்லை. கந்தோரின் எல்லா அலுமாரிகளும் திறக்கப்பட்டன. அப்போதுதான் யாரோ சொன்னார்கள், காலையில் கல்லடிப் பக்கம் போன பஸ்ஸில் மிஸ்ஸைக் கண்டதாக. யன்னலோரச் சீட்டில் கயிறு சுருண்டு கிடந்ததாம். பக்கத்தில் மிஸ் காவல் இருந்தாராம். "அம்மா, இந்தச் சீட்டுக்கு டிக்கட்?" என்று கொண்டக்டர் கேட்டதற்கு, "சின்னாக்களுக்குப் போடுற அரை டிக்கட் போடுங்க தம்பி" என்றாராம்.

மேலதிகாரி எல்லார் முன்னாலும் போனைச் சத்தமாக வைத்து மிஸ்ஸுக்கு எடுத்தார்.

"மிஸ், கயிறு எங்க?"

"வீட்ட சேர்."

"அங்க என்ன செய்யுது?"

"கயிறும் ஓய்வில இருக்கு, சேர்."

சிரிக்காமல் நின்றவர் மேலதிகாரி மட்டும்தான். அதுவும் கொஞ்ச நேரம்தான்.

போட்டியன்று காற்று வாவியிலிருந்து வீசியது. ஒரு கிழமை தூங்கி எழுந்த எட்டுப் பேரும் கன்றுக்குட்டிகள்போல் துள்ளிக்கொண்டிருந்தோம். முதலில் வந்த அணியை இரண்டு இழுப்பிலும் கொண்டுபோனோம். எங்களுக்கே நம்பமுடியவில்லை. சாந்தியக்கா நடுவரிடம் போய், "தம்பி, இப்ப ஊதின விசில் நமக்குத்தானே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அவர் கேட்க நினைத்தது கிடைத்துவிட்டது. கண் துடைத்தார். பிறகு சொன்னார், "இப்ப இன்னொண்டும் வேணும்போல இருக்கு கா."

இறுதிப் போட்டி படுவான்கரை அணியோடு. மூன்றில் இரண்டு வெல்லவேண்டும்.

முதல் இழுப்பு. அவர்கள் வழக்கம்போல் ஒரே வெட்டில் எங்களைத் தூக்கப் பார்த்தார்கள். நாங்கள் வாகை மரத்தை நினைத்துக்கொண்டு நின்றோம். கயிறு அசையவில்லை. மைதானத்துச் சிரிப்பு நின்றது. அவர்களுடைய முகம் சிவந்தது, கால் வழுக்கத் தொடங்கியது. நாங்கள் ஒரு அடி பின்னால் வைத்தோம். இன்னொரு அடி. வெற்றி தெரிந்தது. அந்த அவசரத்தில் பரீனா கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டாள். கோட்டோரம் நின்ற மிஸ் அதைக் கண்டுவிட்டார். உடம்போடு பிறந்த பழக்கம். தொண்டை கிழிய வந்தது.

"மெள்ள்ள்ள!"

மூன்று மாதம் பழகிய உடம்புகள் யோசிக்கவில்லை. தலைமைக் கந்தோரைக் கேட்காமலே எல்லாக் கிளைகளும் கீழ்ப்படிந்தன. எட்டுப் பேரும் பின்பக்கத்தைப் பின்னால் தள்ளி, முதுகை நேராக வைத்து, ஒரே தாளத்தில், மிக அழகாக நிலத்தில் இருந்துவிட்டோம். படுவான்கரை அணி எங்களை இருந்த வாக்கிலேயே கோட்டைத் தாண்டி இழுத்துப்போனது. புல்லில் எட்டு நேர்கோடு விழுந்தது. அவ்வளவு ஒழுங்காக இதுவரை எந்த அணியும் தோற்றிருக்காது.

மிஸ்ஸின் முகம் பார்க்கமுடியாமல் இருந்தது. "ஐயோ புள்ளயள், எண்ட வாயால..." என்றார். பிறகு தோளில் கிடந்த துவாயைச் சுருட்டித் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் இழுப்பு முழுக்கத் துவாய்க்குள்ளிருந்து "ம்ம்ம்" என்றொரு சத்தம் மட்டும் கேட்டது. அந்த இழுப்பை வென்றோம்.

மூன்றாவதுக்கு முன் மிஸ் துவாயை எடுத்தார். துவாயில் கடித்த ஓட்டை இருந்தது.

"எனக்கு என்னில நம்பிக்கை இல்ல. நான் போறன். நீங்க நில்லுங்க. நிக்க மட்டும் நில்லுங்க."

சொல்லிவிட்டு மைதானத்தைத் தாண்டி நடந்து, வாவிக்குள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார்.

அந்த இழுப்பு எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் நிற்கிறோம். கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி காற்றில் மட்டும் ஆடுகிறது. எனக்கு முன்னால் நின்ற சாந்தியக்காவின் கால் நடுங்குவது தெரிந்தது. "அக்கா, ஏலுமா?" என்றேன். "நல்லா நடுங்குது கா" என்றார் சாந்தியக்கா, ஏதோ பரிசு கிடைத்த குரலில். எதிரணியில் யாரோ ஒருவர் மூச்சு விட்டார். ஒரே ஒரு மூச்சுத்தான். எட்டுப் பேருக்கும் அது ஒரே நேரத்தில் கேட்டது. சாய்ந்தோம்.

விசில்.

நடுவரின் கை எங்கள் பக்கம் விழுந்ததும், மேலதிகாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துள்ளியதும், படுவான்கரைப் பெண்கள் வந்து எங்களைக் கட்டிப்பிடித்ததும் எல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நாங்கள் எட்டுப் பேரும் அப்போது வாவிக்குள் நின்றோம். முன்னால் ஓடியது சாந்தியக்கா.

"மிஸ்! ஊதிட்டான்! நமக்கு ஊதிட்டான்!"

மிஸ் காதிலிருந்து கையை எடுத்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"ஆரும் முதுக வளைச்சீங்களா?"

"இல்ல மிஸ்."

அதைக் கேட்டதும் அந்த மனுஷி, முழங்காலும் மடிக்காமல், முதுகும் பார்க்காமல், தொப்பென்று தண்ணீருக்குள் இருந்துவிட்டார். தெறித்த தண்ணீரில் பரீனாவின் முக்காடு நனைந்து, அவள் சிரித்த சிரிப்பு டவுன் வரைக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த வருஷம் மிஸ்ஸுக்குத் திருகோணமலைக்கு இடமாற்றம் வந்தது. அரசாங்க உத்தியோகம் அப்படித்தான். சாந்தியக்காவும் ஓய்வில் போனார். அவர் இடத்துக்கு ஒரு புதுப்பிள்ளையைப் பழக்கினோம். அந்த வருஷம் எங்கள் அணி மாகாணப் போட்டி வரைக்கும் போனது. சாந்தியக்கா பார்வையாளராக எங்களோடு வான் வண்டியில் ஏறிக்கொண்டார்.

மைதானத்தில் கயிற்றின் மறுமுனைக்கு வந்து நின்ற அணியைப் பார்த்ததும் எங்களுக்குச் சங்கதி விளங்கிவிட்டது. யாரும் சொல்லத் தேவையில்லை. நாங்கள் சாயும் அதே சாய்வு, நாங்கள் ஊன்றும் அதே குதி. கோட்டோரத்தில் ஒரு சின்ன உருவம், வாய்க்குள் துவாயோடு. எங்களைக் கண்டதும் கண் விரிந்தது. கையைத் தூக்கிக் காட்டவும் முடியாமல், பேசவும் முடியாமல், அப்படியே நின்றார்.

மாகாணப் போட்டியில் ஒரே இழுப்புத்தான். விசில் ஊதியது. இரண்டு பக்கமும் நின்றோம். நின்றோம், நின்றோம், சனம் கத்தி ஓய்ந்து போகும்வரை நின்றோம். கடைசியில் எங்கள் பக்கத்தில் ஒரு கால் வழுக்கியது. என்னுடையதாகத்தான் இருக்கவேண்டும். நங்கூரம் கிளம்பினால் தோணி நிற்குமா? ஒருவர் மேல் ஒருவராக விழுந்து இழுபட்டுப் போனோம். மண் தின்ற வாயோடு நிமிர்ந்து பார்த்தபோது, பக்கத்தில் கிடந்த பரீனா கைதட்டிக்கொண்டிருந்தாள். நானும் தட்டினேன். எழும்புவதற்கு முன்னமே எட்டுப் பேரும் தட்டத் தொடங்கிவிட்டோம். மைதானக் கரையில் சாந்தியக்கா எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

அந்தப் பக்கத்தில் வென்ற பிள்ளைகள் கையை விரித்துக்கொண்டு மிஸ்ஸைத் தேடினார்கள். மிஸ் அங்கே இல்லை. துவாயைக் கீழே போட்டுவிட்டு, அவர் எங்களிடம் ஓடி வந்துகொண்டிருந்தார்.